முதலாளி மறைத்த படங்கள்

விடியற்காலையில் வாவிக் காற்றும் ஓய்ந்திருந்தது. மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதிப் பட்டறையில் எல்மோ அஸ்பெஸ்டஸ் தகட்டின்மேல் முழங்காலை ஊன்றி வெட்டு இயந்திரத்தை அழுத்தினார். சாம்பல் தூசு இமையில் படிந்தது, பல்லிடுக்கில் நறநறத்தது. யுத்தம் முடிந்து இரண்டு மாதம். புது வீடுகளுக்குக் கூரை ஏற்ற லொறிகள் காத்து நின்றன.

இருபத்தாறு வருடமாக இதே வேலை. அன்று மூச்சு வாங்கி உட்கார்ந்தவரை, கூட வேலை செய்யும் அசனார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

நெஞ்சு எக்ஸ்ரே படத்தில் இரு பக்கமும் விலா ஓரமாக வெள்ளைத் திட்டுகள்.

“நுரையீரலச் சுத்தின சவ்வு தடிச்சு, சுண்ணாம்பு படிஞ்சிருக்கு,” என்றார் டொக்டர். “இது புற்றுநோய் இல்ல. அஸ்பெஸ்டஸ் தூசு எப்பவோ உள்ள போனதுக்கு அடையாளம். மூச்சு வாங்கிறதுக்குக் காரணத்த இன்னும் பாக்கணும். பழைய படம் இருந்தாக் கொண்டுவாங்க.”

இருந்தது. சுனாமிக்கு அடுத்த வருடம், வீடிழந்த சனத்துக்கு வீடு கட்டிய நிறுவனம் கேட்டதால் முதலாளி வல்லிபுரம் ஏழு தொழிலாளருக்கும் படம் எடுப்பித்தார். “எல்லாருக்கும் சுகம்” என்று அவரே வந்து சொன்னார். கடல் கொண்டுபோன தன் வீட்டை அவர் திரும்பக் கட்டியபோது எல்மோதான் கூலி கேட்காமல் கூரை போட்டுக் கொடுத்திருந்தார்.

எல்மோ பட்டறைக்குத் திரும்பி, டொக்டர் சொன்னதைச் சொல்லி அந்தப் படத்தைக் கேட்டார்.

“அந்தப் படம் எங்கயோ போயிட்டு எல்மோ,” என்றார் வல்லிபுரம். “பயப்பிடாத. அப்பவும் இதத்தான் எழுதியிருந்தாங்க, புற்றுநோய் இல்லயெண்டு.”

எல்மோ அவரையே பார்த்தார்.

“அப்ப உங்களுக்குத் தெரியும்.”

“சொன்னா ஆர் வெட்டியிருப்பீங்க? சனம் கூடாரத்துக்குள்ள கிடந்தது.”

“தண்ணி ஊத்தி வெட்டியிருப்பம். முகமூடி கேட்டிருப்பம். அந்தக் கூடாரத்துக்குள்ள நாங்களும்தானே கிடந்தம்.”

வல்லிபுரம் குரலைத் தாழ்த்தினார். “உன்னக் காவல் வேலைக்கு மாத்திறன். மத்தாக்களுக்குச் சொல்லாத.”

எல்மோ வெளியே வந்து எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். தூசு கூட்டும் சீதேவிப்பிள்ளை தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

“என்ர படத்திலயும் என்னமோ இருந்திருக்கும். அவர் பாத்திட்டுத்தான் தினமும் என்னக் கூட்டச் சொன்னவர், என்ன?”

மறுநாள் காலை ஏழு பேரும் ஒரே பஸ்ஸில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

“ஆருக்கு என்ன வருத்தம்?” என்று நோயாளர் துண்டு எழுதுகிறவர் கேட்டார்.

“அதத்தான் பாக்க வந்திருக்கம். ஏழு பேருக்கும் எழுதுங்க,” என்றார் அசனார். “படமும் கடிதமும் எங்கட கையிலதான் தரணும். மறுகா தொழில் கந்தோருக்குப் போய் முறைப்பாடு குடுக்கப் போறம்.”

எல்மோவுக்கு மூச்சு இரைத்தது. சீதேவிப்பிள்ளை உட்கார்ந்திருந்த மர வாங்கில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள்.