முதல் வாய்க் கஞ்சி

தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க, ஆரம்பித்துப் பாதி தூரம் தாண்டியபோது என் வீட்டுக்காரரின் மூக்கில் குழாய் போட்டார்கள். அதில் கஞ்சி ஊற்றுவேன், கழுவுவேன், மறுபடி ஊற்றுவேன். செடிக்குத் தண்ணீர் விடுகிற மாதிரிதான் இருந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை.

"குழாய் இருந்தாலும் தினமும் வாயால கொஞ்சம் முழுங்கணும். விட்டுட்டா தொண்டை முழுங்குறதையே மறந்துடும். அப்புறம் காலத்துக்கும் குழாய்தான்" என்றார் டாக்டர். இவர் நன்றாகத் தலையாட்டினார். சைதாப்பேட்டை வீட்டுக்கு வந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டார். உள்ளே முழுக்கப் புண்.

தைரியம் சொல்ல ஆள் வந்தபடி இருந்தார்கள். என் தம்பி சக்திவேல் ஒரு பை நிறைய ஆரஞ்சோடு வந்தான். "அத்தான், நீங்க சிங்கம்லா! ஒண்ணும் ஆவாது." எச்சில் விழுங்க வழியில்லாத சிங்கம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. ஆரஞ்சை நானே உரித்துத் தின்றேன். புளிப்பா இனிப்பா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

ஒரு காலையில் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன். தி.நகரில் எங்கள் ஜவுளிக்கடையைக் கடைப் பையன்கள் அந்த நேரம்தான் திறந்திருப்பார்கள். கல்லாவில் இவர் இருந்தவரை, போணிக்கு வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பியதே கிடையாது. முதல் வியாபாரம் தட்டிப்போனால் அன்றைக்குப் பொழுதே விளங்காது என்பார். வாங்கின விலைக்கும் கீழே இறங்கி, ஒரு கர்ச்சீப்பாவது விற்றுத்தான் விடுவார். அதற்காக நான் போட்ட சண்டை கொஞ்சமா!

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

"இன்னும் போணி ஆவலைங்க. முதல் ஆளா வந்து நிக்கேன். திருப்பி அனுப்பிராதீங்க."

என்னையே பார்த்தார். பிறகு ஸ்பூனை என் கையிலிருந்து வாங்கி, போணிக் காசை ஒற்றிக்கொள்வது போலத் தளும்பாமல் இரண்டு கண்ணருகிலும் கொண்டுபோய், வாயில் வைத்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கஞ்சி இறங்கியது.

"நஷ்டத்துக்குத்தான் குடுத்திருக்கேன்" என்றார், உப்புத்தாள் உரசுகிற குரலில்.

நெஞ்சு சுரீரென்று வலித்தது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு எனக்கு ஏதோ ஒன்று வலித்தது. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஸ்பூனை நீட்டினேன்.