தலைவர் அடிபடச் சம்மதித்தார்

"பெருமதிப்பிற்குரிய தோட்ட மக்கள் அனைவருக்கும் பேருவகையுடன் அறியத் தருவது யாதெனில், எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நமது மேற்பிரிவில் மலை சரியும். மலை சரிந்து முடிந்ததும் தேநீரும் பணிசும் வழங்கப்படும். இம்மாபெரும் அனர்த்தத்தில் படுகாயமடைய நமது தொழிற்சங்கத் தலைவர் கிருஷ்ணகுமார் அவர்கள் பெருமனதுடன் சம்மதித்துள்ளார்."

முச்சக்கர வண்டியின் உச்சியில் கட்டிய ஒலிபெருக்கி இதை லயம் லயமாக, ஒவ்வொரு வீட்டு வரிசைக்கும் சொல்லிக்கொண்டு போனது. ஒத்திகை என்ற சொல் கடைசியில்தான் வந்தது. அதற்குள் இரண்டு வீடுகளில் துணிமூட்டை கட்டிவிட்டார்கள்.

சுதர்ஷினி மூட்டை கட்டவில்லை. புருஷன் தினேஷை ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டிருந்தவள், தலைவரின் பெயர் காதில் விழுந்ததும் கையை நிறுத்தினாள்.

"என்னா?" என்றான் தினேஷ்.

"ஒன்னுமில்ல. ஸ்ட்ரெச்சர் தூக்க பொம்பளைங்க வேணுமாம். நான் போறேன்."

போன வருட மழையில் மேற்பிரிவில் உண்மையாகவே மலை சரிந்தது. தினேஷ் இடிந்த சுவருக்கு அடியில் கிடந்தான். கால்விரல் ஆடியது. "முதுகு, முதுகு, தூக்காதீங்க" என்று கத்தினான். பக்கத்து வீட்டார் படுக்க வைத்துத் தூக்க ஒரு கதவைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். அந்த நேரம் பார்த்து, குடை பிடிக்க ஒருவரும் வீடியோ பிடிக்க ஒருவருமாக, டவுனிலிருந்து தலைவர் வந்து இறங்கினார்.

"உசுரோட இருக்கிறவன பொணம் மாதிரி படுக்க வச்சா தூக்குவீங்க? அபசகுனம்டா! அக்குள்ல கைய குடுத்து எந்திரிக்க வைங்க!"

தோட்டத்தில் படுத்தபடி தூக்கிச் செல்லப்படுவது மயானத்துக்குப் போகிறவர்தான். ஆகவே தலைவர் சொன்னது எல்லாருக்கும் நியாயமாகவே பட்டது. சுதர்ஷினிக்கும் பட்டது. அந்த நினைப்புத்தான் அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

எழுப்பி நிறுத்தினார்கள். இடுப்புக்குக் கீழே அன்று மரத்ததுதான், இன்றுவரை உணர்ச்சி வரவில்லை. வீடியோவில் மட்டும் தினேஷ் தலைவரின் தோளில் சாய்ந்து நிற்கிறான், பின்னால் வீர இசை முழங்க.

ஒத்திகைக்கு முன் பயிற்சி கொடுக்க கேகாலையிலிருந்து றிப்னா மிஸ் வந்தார். முதுகில் அடிபட்டவரை அசையாமல் பலகையோடு கட்டித்தான் நகர்த்த வேண்டும் என்றார். "எனக்கு ஒன்னுமில்ல, விடுங்கன்னு அவரே சொன்னாலும் நம்பாதீங்க. அதிர்ச்சியில எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். இதைக் கேட்ட நாளிலிருந்து சுதர்ஷினிக்கு நல்ல தூக்கம் வந்தது. தினேஷுக்குச் செய்ததை அந்த ஆள் நாலு பேர் முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும். அவளுக்கு அது போதும்.

ஞாயிறன்று, தலைவர் வந்து சேரும் வரை மலை பொறுமையாகக் காத்திருந்தது. வரவேற்புக்குத் தப்பு மேளம். பொன்னாடை. உரை. பிறகு தலைவர் நெற்றியில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு, முடி கலையாமல் படுகாயமடைந்தார்.

கழுத்துப் பட்டையைப் போட்டுப் பலகையோடு சேர்த்துக் கட்டினாள் சுதர்ஷினி.

"கொஞ்சம் லூசா கட்டும்மா."

"முதுகுல அடிபட்டிருக்குங்க ஐயா. அசையக் கூடாது."

படம் எடுத்தாயிற்று. "சரி, போதும். கழட்டு."

"பாத்தியா விஜயகலா," என்றாள் கூட இருந்தவளிடம், "மிஸ் சொன்ன மாதிரியே சொல்றாரு. தூக்கு!"

நான்கு பெண்கள் தூக்கினார்கள். ரப்பர் மலைச்சரிவில் இறங்கி, கீழே பள்ளிக்கூட மைதானத்துக்குப் போக வேண்டும்.

"எனக்கு ஒன்னுமில்லடி!"

"எல்லாரும் அப்பிடித்தாங்க சொல்லுவாங்க."

"ஐயோ, கால முன்னால வச்சு தூக்குறீங்களே! நான் என்னா பொணமா?"

"எறக்கத்துல தலை மேல இருக்கணுங்க. கத்தாதீங்க, கழுத்து ஆடும்."

தலைவர் கிராம அலுவலரைப் பார்த்து, "மாத்தயா, பொட்டக் இன்ன!" என்று சிங்களத்திலும் நிறுத்தச் சொன்னார். அலுவலர், எவ்வளவு தத்ரூபமாக நடிக்கிறார் என்று வியந்து கைதட்டினார். ஓர் அட்டைப்பூச்சி தலைவரின் சட்டைக் காலருக்குள் நுழைந்தது. சுதர்ஷினி அதை மரியாதையுடன் அவருக்கு அறிவித்தாள். எடுத்துவிடவில்லை.

வினை மேளக்காரர்களால் வந்தது. முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்: வெள்ளைத் துணியில் ஒருவர் கிடக்கிறார், கால் முன்னால் வருகிறது, பின்னால் சனம் வருகிறது. கை தானாகவே சாவு அடிக்கு மாறிவிட்டது. ஊர்வலத்தில் ஒரு பெரியம்மா பழக்கதோஷத்தில் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரிக்கு முதல் அடியும் எடுத்தாள்.

பாதை பிரியும் இடம் வந்தது. வலப்பக்கம் பள்ளிக்கூடம், இடப்பக்கம் மயானம். மேளம் இடப்பக்கம் திரும்பியது.

தலைவருக்கு வியர்த்து நெற்றிச் சாயம் கண்ணில் வழிந்தது. "ஏய்! ஏய்! அந்தப் பக்கம் இல்ல!"

சுதர்ஷினி ஸ்ட்ரெச்சரை இறக்கச் சொன்னாள். மேளம் நின்றது. ஊரே சுற்றி நின்றது. அவள் குனிந்து அவர் முகத்துக்கு நேரே கேட்டாள்:

"போன வருசம் தினேஷ எப்பிடி தூக்குனீங்க? சொல்லுங்க ஐயா. சொன்னா கழட்டுறேன். சொல்லாட்டி மேளம் போற பக்கமே போவோம்."

"சொல்றேன், சொல்றேன்! எந்தத் தினேஷும்மா?"

"வீடியோவுல உங்க தோள்ல சாஞ்சு நின்னவரு. என் வீட்டுக்காரரு."

தலைவரின் முகம் மலர்ந்தது.

"அட, அந்தப் பையனா! நான்தானே காப்பாத்துனேன்! எப்பிடி இருக்கான்? வேலைக்குப் போறானா?"

சுதர்ஷினி அவர் கண்ணில் பொய்யைத் தேடினாள். ஒரு துளியாவது இருக்கும் என்று வெகுநேரம் தேடினாள்.

அவருக்கு உண்மையிலேயே தெரியாது.