ஐந்தேகால் அங்குலம்

விற்பதற்கு முன் வீட்டை ஆள் வைத்துப் பரிசோதிப்பது என் மைத்துனனின் யோசனை. "வாங்கறவன் குத்தம் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நாமளே பாத்துடலாம் மாமா" என்றான். அவன் அக்கா, என் மனைவி, இறந்த இந்தப் பதினோரு மாதமாக எனக்காக எல்லாவற்றுக்கும் ஓடுகிறவன் அவன்தான்.

வந்த பரிசோதகர் ஒல்லியான மனிதர். குழாய்களைத் திறந்து மூடினார். சுவரில் உள்ளங்கையை வைத்து ஈரம் பார்த்தார். தரையைச் சாவிக்கொத்தால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"டாக்டர் மாதிரி பாக்கறீங்களே, வீடு பொழைச்சுக்குமா?" என்றான் மைத்துனன்.

"பொழைச்சுக்கும். என்ன, இந்த நோயாளி எங்க வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லாது."

பிறகு மாடிப்படிக்குப் போனார். மேலிருந்து ஒவ்வொரு படியாக டேப்பை வைத்து, "ஏழு இன்ச்... ஏழு... ஏழு..." என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். கூடத்தில் உட்கார்ந்திருந்த நான், இன்னும் எத்தனை ஏழு மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசிப் படியில் டேப்பை இரண்டு முறை வைத்தார்.

"அஞ்சேகால். கூடத்துல பழைய தரையை உடைக்காம, அது மேலயே டைல்ஸ் போட்டீங்களா?"

"ஆமா."

"கால் ஏழுக்குப் பழகியிருக்கும். தரை முன்னாடியே வந்துடும். இதுல யாராவது விழுந்திருக்காங்களா? படிவத்துல கேட்டிருக்கு."

"இல்லீங்க" என்று மைத்துனன் முந்திக்கொண்டான். அவனைப் பொறுத்தவரை அது பொய்யே இல்லை. அக்கா விழுந்தது படியால் அல்ல, தலைசுற்றியதால் என்றுதான் அவனுக்குத் தெரியும். மருத்துவமனையில் அப்படிச் சொன்னவன் நான். கட்டிலில் கிடந்த அவளும் மறுக்கவில்லை.

டைல்ஸ் போட்டவர் அன்றைக்கே சொன்னார், பழசை உடைக்காவிட்டால் படி குட்டையாகிவிடும் என்று. அவள் அப்போது வேலைக்குப் போயிருந்தாள். மூன்று நாள் தூசிக்குப் பயந்து, வேண்டாம் என்றேன். அவளிடம் சொல்லவும் இல்லை. அதன்பின் இறங்கும்போதெல்லாம் கடைசியில் அவள் உடம்பு ஒரு குலுங்கு குலுங்கும். "படி சரியில்லைங்க" என்பாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பேன். நாளடைவில் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவளே அதைச் சொல்லிச் சிரித்தாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

பரிசோதகரின் பேனா 'இல்லை'க்கு நேராகப் போனது.

"விழுந்தாங்க" என்றேன். "என் சம்சாரம். துணி மூட்டையோட. இடுப்பெலும்பு ஒடைஞ்சு, இருபது நாள்தான் உயிரோட இருந்தா."

"மாமா, அக்காவுக்குத் தலைசுத்தல்..."

"தலைசுத்தல் இல்ல மச்சான். படிதான். படி குட்டையாயிடும்னு டைல்ஸ்காரர் அன்னிக்கே சொன்னார்."

அவன் குனிந்து அந்தப் படியைப் பார்த்தான்.

"அவர் சொன்னது அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கடைசி வரைக்கும் நான் சொல்லல."

பரிசோதகர் தலையைக் குனிந்துகொண்டார். மைத்துனன் அவர் பக்கம் திரும்பி, அக்கா விழுந்த தேதியையும் இறந்த தேதியையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

"டைல்ஸ் எப்போ போட்டாங்கன்னும் எழுதணுமே" என்றார் பரிசோதகர்.

"அது எனக்குத் தெரியாது" என்றான் மைத்துனன், என்னைப் பார்க்காமல். "அவர்கிட்டயே கேட்டுக்குங்க."