லாரிக்கும் டிரெய்லருக்கும் நடுவில்

சத்தம் பெரிதாக இல்லை. தகர டப்பாவை மிதித்தது போலத்தான் இருந்தது. வெர்ன் பிரேக்கை அழுத்தினான்.

அவன் மனைவி நார்லீன் இறங்கி ஓடினாள். இறைச்சி ஆலையின் சரக்கு மேடையை நோக்கி ரிவர்ஸ் எடுக்க வளைத்தபோது, குளிர்பெட்டி டிரெய்லரின் நெற்றியில் துருத்திக்கொண்டிருந்த குளிரூட்டும் இயந்திரம் லாரியில் இடித்துவிட்டது. ஓட்டும் இருக்கைக்குப் பின்னால் அவர்கள் படுக்கும் அறையின் மூலை உள்ளே போயிருந்தது.

"என்ன வெர்ன், லாரிய மடிச்சுப் பையில வெச்சுக்கப் போறியா?" என்றான் பக்கத்து லாரிக்காரன் கஸ்.

வெர்ன் சிரிக்கவில்லை. நசுங்கிய தகரத்தைத் தடவினான். போன வசந்தத்தில்தான் அவனுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது.

"தூரம் தெரியல நார்லீன். இடம் இருக்குன்னு நெனச்சுத்தான் திருப்பினேன்."

அவள் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள்.

லாரி பழையது, டீசலைக் குடிக்கும். லாரிக்கும் டிரெய்லருக்கும் நடுவிலுள்ள சந்தில் காற்று சுழன்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். டிரெய்லரைத் தாங்கும் இரும்புத் தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் சந்து குறையும், டீசல் மிச்சமாகும். அயோவாவில் சாதா டிரெய்லர் இழுத்தபோது, வெர்ன் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் தள்ளிவைத்தாள். கேட்டிருந்தால் விட்டிருக்கமாட்டான். மைலேஜ் ஏறியதும், "எல்லாம் என் கால் பக்குவம்" என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் விட்டுவிட்டாள்.

இன்று விடிகாலையில் ஓமஹாவில் குளிர்பெட்டியை மாட்டினார்கள். இதற்கு மூக்கு நீளம், தட்டைப் பின்னுக்குத் தள்ளியாக வேண்டும். அது அவளுக்கு நினைவு வந்தது. மழை பெய்தது, வெர்னும் பக்கத்திலேயே நின்றான். நேர்ச்சாலைதானே, வளைத்தால்தான் இடிக்கும், போய்ச் சேர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தாள். இடித்த பிறகுதான் விழித்தாள்.

வெர்ன் ஃபோனை எடுத்தான்.

"டுவைட்டக் கூப்பிடறேன். வண்டிய வாங்கிக்கறேன்னு அவன்தான் கேட்டுட்டே இருந்தானே."

"இப்ப என்ன அவசரம்?"

"இன்னிக்குத் தகரம். நாளைக்கு மேடையில நிக்கிற ஆளா இருந்தா?"

"கொஞ்சம் இரு."

"இருந்து? குருட்டுப்பய ஓட்டற வண்டியில நீ தூங்குவியா?"

மறுமுனையில் மணி அடித்தது. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். லாரி போய்விடும், தட்டும் அதோடு போய்விடும். இவன் மட்டும் இனி வீட்டு வாசலில், தன் கண்ணை நம்பாமல் உட்கார்ந்திருப்பான்.

"வெச்சுடு வெர்ன். தட்டை நான்தான் முன்னால தள்ளினேன்."

அவன் ஃபோனை அணைத்தான். குனிந்து, டார்ச் அடித்து, தட்டைப் பூட்டும் துளைகளைப் பார்த்தான்.

"எப்போ?"

"அயோவாவுல. டீசலுக்காக."

"குளிர்பெட்டிக்குப் பின்னால தள்ளணும்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும். காலையிலயே ஞாபகம் வந்துச்சு."

கஸ் தன் லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

வெர்ன் பூட்டை விடுவித்து, லாரியை மெல்ல முன்னால் நகர்த்தி, தட்டைப் பழைய இடத்தில் நிறுத்திப் பூட்டினான். திரும்பவும் ஏறி உட்கார்ந்தான்.

விழித்திருந்தால், ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் அவள் பின்னால் நின்று கை காட்டுவாள். இப்போதும், இன்னும் விடாத மழையில் நின்று கையைத் தூக்கினாள். வெர்ன் அவள் தெரியாத மறுபக்கக் கண்ணாடியை மட்டும் பார்த்து ஓட்டினான். டிரெய்லர் நூல் பிடித்த மாதிரி மேடையில் போய் ஒட்டியது.

கையை எப்போது இறக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.