கிர்கிஸ் ஏரியில் ஒரு கரைவலை

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னார்க் கரையில் எங்கள் தலைவர் ஒருவரின் மகனைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அவர் தொழிலதிபர். என்ன தொழில் என்று கேட்டால், அப்பாதான் தொழில். முதல் வரியை எட்டிப் பார்த்த என் மனைவி டிலோஜினி பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு விசரே? பிள்ளையள் இருக்கிற வீடு. எழுதத்தான் வேணுமெண்டா ஆளைத் தூரத்து நாட்டிலை கொண்டுபோய் வையுங்கோ."

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவன். தூரத்து நாடுகள் என்னிடம் நிறைய உண்டு. கிர்கிஸ்தானைத் தேர்ந்தெடுத்தேன். அங்கிருந்து யாரும் மோட்டார் சைக்கிளில் வந்து என் படலையைத் தட்ட மாட்டார்கள்.

2

முதல் தொடக்கம்: "கிர்கிஸ் தலைவரின் மகன் அஸமத், மீசை முளைக்குமுன்பே ஒரு வங்கிக்கு…"

"அஸமத் எண்டா எங்கடை எருக்கலம்பிட்டி முஸ்லிம் ஆளெண்டு நினைப்பினம். ஏன் தேவையில்லாத சோலி?" என்றாள் டிலோஜினி. பெயர் தாலந்த் ஆனது.

இரண்டாம் தொடக்கம்: "பனிமலை அடிவாரத்தில் தாலந்தின் குதிரை…" (குதிரையைக் கிட்ட நின்று பார்த்தவனில்லை நான். எழுத எழுத அது மன்னார் பஸ் நிலையத்துக் கழுதை மாதிரியே நடந்தது. விட்டுவிட்டேன்.)

மூன்றாவது நிலைத்தது: "இசிக்குல் ஏரி கடலைப்போலப் பெரியது. தண்ணீரிலும் கொஞ்சம் உப்புண்டு. அதன் கரையில் ஒரு துண்டை வேலியடைத்துத் தாலந்த் ஹோட்டல் கட்டினான். அந்தத் துண்டில் தலைமுறை தலைமுறையாக வலை இழுத்த மீனவன் ஒருவன் இருந்தான்."

3

மீனவன் கற்பனையில்லை. டிலோஜினியின் அண்ணன் பஸ்ரியன். கரைவலைச் சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர். கரைவலை இழுப்பவருக்குப் பாடு வேண்டும். வலையை வளைத்து இழுக்க அவருக்கென்று உரித்தான கரைத்துண்டு அது. பஸ்ரியனின் பாடு ஊரில் அவர்களுடைய குடும்பப் பெயராலேயே அறியப்பட்டது.

போரில் இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, மீள்குடியேறலாம் என்ற பிறகு 2010இல் அவர் திரும்பி வந்தார். அந்தக் கரைத்துண்டுக்குக் குறுக்கே முட்கம்பி வேலி. போட்டது ஆமி. பிறகு ஆமி போனது, வேலி போகவில்லை.* உள்ளே தலைவரின் மகனுடைய ஹோட்டல் எழும்பியது. பஸ்ரியன் வழக்குப் போட்டார். வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டது.

(*வேலி யார் கையிலிருந்து யார் கைக்கு எப்படிப் போனது என்று விசாரித்தேன். ஓர் அரசாங்கக் கந்தோரில் தேத்தண்ணி மட்டும் தந்தார்கள்.)

ஒருநாள் ஹோட்டல் மனேச்சர் பஸ்ரியனிடம் வந்தார். வழக்கை வாபஸ் வாங்கினால் பின்னேரங்களில் அதே கரையில் வலை இழுக்கலாம். விருந்தாளிகள் படம் எடுப்பார்கள். சம்பளமும் உண்டு. பஸ்ரியன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார்.

"மச்சான், உங்கடை கதையிலை அந்த ஆள் என்ன செய்யிறான்?"

"இன்னும் முடிவெடுக்கேல்லை."

"கெதியா எடுங்கோ. எனக்குத் திங்கக்கிழமை கோட்டிலை வழக்கு."

4

முடிவு ஒன்று: சனம் திரண்டு மாளிகைக்குள் புகுகிறது. தலைவர் ஓடுகிறார். தாலந்த் விமானம் ஏறுகிறான். மீனவன் வேலியைப் பிடுங்கி எறிகிறான். (கிர்கிஸ் சனம் எழும்பி ஆட்சியைத் துரத்தியதுண்டு. ஆகவே அங்கே இது நடக்கக்கூடிய கதை. இங்கே இது பேய்க்கதை.)

பஸ்ரியனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"எங்கடை சனம் அவன்ரை கலியாண வீட்டுக்குத்தான் திரண்டது" என்றார் அவர்.

முடிவு இரண்டு: மீனவன் மனேச்சரின் முகத்துக்கு நேரே மறுத்துவிட்டு, மானத்தோடு பட்டினி… (எழுதுகிறவன் மாதச் சம்பளக்காரன். பஸ்ரியனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வாய் கூசுகிறது.)

நான் முடிவு தேடிக்கொண்டிருக்கையில் திங்கட்கிழமை வந்துவிட்டது. பஸ்ரியன் வழக்கை வாபஸ் வாங்கினார்.

5

ஹோட்டலுக்கு வெறும் வலைதான் பிடிக்கும், மீன் வெடுக்கு விருந்தாளிகளுக்கு ஆகாது. ஆகவே பஸ்ரியனும் ஆட்களும் கரையை ஒட்டி வலையைப் போட்டு, பாட்டுப் பாடி, ஒன்றுமில்லாத வலை மடியை இழுத்து ஏற்றுவார்கள். ஒரு பின்னேரம் பாரைமீன் கூட்டமொன்று தானாகக் கரைக்கு வந்தது. மடி நிறைந்துவிட்டது.

பஸ்ரியன் தன்னை மறந்தார். சம்மாட்டி முதலில் என்ன செய்வாரோ அதைச் செய்தார். நல்ல மீனாகப் பொறுக்கி வேறாக வைத்தார். எங்கள் கரையில் மீன் பட்டால் முதற்பங்கு அந்தோனியாருக்கு. அதைக் கோயிலில் கொடுத்தால், ஞாயிறு பூசையில் கொடுத்த குடும்பத்தின் பெயரை வாசிப்பார்கள்.

மனேச்சர் அதைக் களவு என்றார். அன்றைக்குத் தலைவரின் மகனும் அங்கே நின்றார். நல்ல மனிதர் மாதிரிச் சிரித்தார்.

"விடும் ஐசே. கோயிலுக்குத்தானே. என்ரை பேரிலை குடுத்துவிடும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடியச் சுவாமியார் வாசித்தார்: "இந்தக் கிழமைக் கோயில் பங்கு, தொழிலதிபர்…" கோயில் நிறையச் சனம் கைதட்டியது. எனக்கு முன்வாங்கில் இருந்த பஸ்ரியனும் தட்டினார். டிலோஜினி தட்டவில்லை. வெளியே வந்து மதிலோடு நின்று அழுதாள்.

இதைக் கிர்கிஸ் ஏரிக்கு மாற்றப் பார்த்தேன். அந்தோனியார் போகவில்லை, பங்கு போகவில்லை, அந்தக் கைதட்டலும் போகவில்லை. தாலந்த் கதையைவிட்டு இறங்கிப் போய்விட்டான். பாவம், அவன் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாதவன்.

6

பஸ்ரியன் நேற்று வந்தார்.

"மச்சான், ஒரு முடிவும் வேண்டாம். பாடு போனது போகட்டும். அந்தப் பங்கு எங்கடை அப்பு காலத்திலையிருந்து எங்கடை பேரிலை வாசிச்சது. கதையிலையாவது ஒருக்காச் சரியா வாசியுங்கோ."

அவர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் பெயரை எழுதினால் பாடு தெரியும். பாடு தெரிந்தால் வேலி தெரியும். வேலி தெரிந்தால் ஆள் தெரியும். பஸ்ரியன் என்பதும் அவருடைய பெயரில்லை. டிலோஜினி என் கதிரைக்குப் பின்னால் நிற்கிறாள். இந்தமுறை அவள் பேனாவைப் பிடிக்கவில்லை.

எனக்குத் துணிவு வரவில்லை. முடிவை உங்களிடம் தருகிறேன். எங்கள் கரைக்கு வந்து யாரிடம் கேட்டாலும், குரலைத் தணித்துக்கொண்டாவது அந்தப் பெயரைச் சொல்லுவார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு, நீங்கள் சத்தமாக வாசியுங்கள்:

"இந்தக் கிழமைக் கோயில் பங்கு, ……………… குடும்பத்தார்."