மேஸ்திரியைத் தேடிப் போன வீடு

1933-ஆம் வருஷம் ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மயிலாடிக்குத் தெற்கே புன்னவிளையில் இருந்த ராகேலின் வீடு எழுந்து தக்கலைக்கு நடந்து போனது. அன்று வடசேரிச் சந்தையில் தேங்காய் விலை இறங்கியிருந்தது. வாழைக்குலை விலை சற்று ஏறியிருந்தது. வீடு எழுந்த நேரம் அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. முழங்காலளவு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடையைக் கடக்கும் பெண்ணைப்போல, வீடு தன் நான்கு சுவர்களையும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, வேலியை மிதிக்காமல் சாலையில் இறங்கியது. உள்ளே ராகேலும் அவள் மகள் ஞானசெல்வியும் இருந்தார்கள். கூரை மட்டும் இல்லை.

கூரை இல்லாமல் போன கதை இதுதான். ராகேல் புருஷனை இழந்தவள். மிஷன்காரர்களுக்கு லேஸ் பின்னிக் கொடுத்துப் பிழைப்பவள். யாருக்கும் கடுஞ்சொல் சொல்லாதவள். மகளுக்கு வில்லுக்குறியில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் ஞானசிங் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், தங்கமான பிள்ளை. அவனுடைய அம்மா ராஜபாயின் வீடு சாலையோரத்தில் மாடியும், சுவருக்கு வெளியே நீண்ட அகலமான ஓட்டு இறவாரமுமாக நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் தன்னுடைய ஓலைக் கூரையைப் பிரித்து ஓடு போட்டுவிட வேண்டும் என்று ராகேலுக்கு ஆசை. சம்பந்தியிடமே யோசனை கேட்டாள். "எங்க மாடி கட்டின முத்துநாயகம் மேஸ்திரியக் கூப்பிடு. அவனப்போல கைகாரன் தக்கலையில கிடையாது" என்றாள் ராஜபாய். அது உண்மைதான். ஆனால் அந்த மாடிக்கு மேஸ்திரி இன்னும் படி கட்டித் தரவில்லை என்பதையும், மாடிக்கு வீட்டார் ஏணி வைத்துத்தான் ஏறுகிறார்கள் என்பதையும் அவள் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இந்தச் சிறு வெட்கத்தால் வந்த வினை பெரிது.

முத்துநாயகம் வந்தார். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. சுவரைத் தட்டிப் பார்த்து, "சுவரு கருங்கல்லு மாதிரி நிக்குது எக்கா, கவலையே படாண்டாம்" என்றார். அதைக் கேட்டு ராகேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. வேலை தொடங்கும் நாளில் சபை உபதேசியார் இஸ்ரவேல் ஜெபம் செய்ய வந்தார். எங்கும் உள்ள வழக்கப்படி வீட்டுக்காகவும் வீட்டாருக்காகவும்தான் ஜெபிப்பார்கள். ராகேலோ, பாவம், வெயிலில் நின்று பாடுபடுகிற மனுஷனை விட்டுவிடக் கூடாதென்று, "மேஸ்திரி பேரையும் சேத்துச் சொல்லுங்க ஐயா" என்றாள். உபதேசியாருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "முத்துநாயகத்தின் கைகளை இந்தச் சுவர்களோடு பிணைத்தருளும்" என்று உரத்த குரலில் ஜெபித்தார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். மேஸ்திரியும் சொன்னார். மத்தியானத்துக்குள் பழைய ஓலை முழுவதையும் பிரித்து இறக்கிவிட்டு, கஞ்சியும் துவையலும் வயிறார உண்டுவிட்டு, ஓடு கொண்டுவரப் போனார். போனவர் போனவர்தான்.

அதன்பிறகு சேதிகள் மட்டும் வந்தன. ஓடு ஏற்றிய வண்டிக்கு அச்சு முறிந்துவிட்டது. மேஸ்திரியின் அத்தை காலமாகிவிட்டாள். பிறகு விசாரித்தால் அதே அத்தை குலசேகரத்து வேலைக்காகவும் ஒரு தடவை, இரணியல் வேலைக்காகவும் ஒரு தடவை காலமாகியிருந்தாள். எப்போதாவது மேஸ்திரியே நேரில் வந்து நின்றால், ராகேல் ஒன்றும் கேட்காமல் முதலில் கஞ்சி ஊற்றுவாள். அவர் குனிந்த தலை நிமிராமல் குடித்துவிட்டு, கூரை தாங்கும் ஒரு கைமரத்தை மட்டும் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய்விடுவார். ஞானசெல்விக்குப் பொறுக்கவில்லை. "வேலைக்கு வாறானா, கஞ்சி குடிக்க வாறானா, எம்மா?" என்பாள். "ஏட்டி, பசிச்சு வந்தவனப் பேசாத" என்பாள் ராகேல். வேறு கொத்தனார்களைக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒருவர் கை வைத்த வேலையில் இன்னொருவர் கை வைப்பது அவர்களுக்குள் வழக்கமில்லை. அதோடு ஜெபத்தைப் பற்றியும் கேள்விப்பட்டிருந்தார்கள். மயிலாடியில் இருந்து வந்த ஒருவர் சுவரைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டார். "இது அவன் கையோட சேத்துக் கட்டின சுவருல்லா. நாங்க ஓடு வச்சா இது தாங்காது, கேட்டியளா" என்று சொல்லிவிட்டு வெற்றிலை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

கல்யாணத்துக்கு முன் சபையில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. அப்போதுதான் ராஜபாய் வீடு பார்க்க வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். மேலே ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. "சம்மந்தி, சொல்லுகேன்னு நினைக்காத. மழ மாசம். கூரையில்லாத வீட்டுல எம்மவன் பந்தியில இருக்கமாட்டான். வாற ஞாயிறுக்குள்ள கூரை ஏறல்லன்னா, மூணாவது ஓலைய நிறுத்திப்போடுவோம்" என்றாள். ஞானசெல்வி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவளுக்கு ஞானசிங்கை மிகவும் பிடித்திருந்தது. ராகேலுக்கு அது தெரியும். சம்பந்தி போனபிறகு, வாழ்நாளில் முதன்முறையாக ராகேலுக்குக் கோபம் வந்தது. யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் சுவரிடம் காட்டினாள். "அவன் கையோட உன்னத்தானே சேத்துக் கட்டியிருக்கு? நீயாவது போய்க் கூட்டிட்டு வாயேன்" என்றாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை.

வீடு நிதானமாக நடந்தது. சுசீந்திரத்தில் தேர்த்தெருவைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கிப் போனது. நாகர்கோவில் வரும்போது பின்னால் ஒரு பஸ் விடாமல் ஊதிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மாட்டுவண்டிகள். அதற்கும் பின்னால் வேலைவெட்டியை விட்டுவிட்டு வந்த ஜனங்கள். மணிமேடையருகே ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி நிறுத்தினார். வீடு நின்றது. "எங்க போகுது இது?" என்றார். ராகேல் சன்னல் வழியாக, "தக்கலைக்கு, ஐயா" என்றாள். "இடது பக்கமாப் போகச் சொல்லு" என்றார் அவர். வீடு இடது பக்கமாகப் போயிற்று. பார்வதிபுரம் தாண்டியதும் கதவு வைக்காத ஒரு கருப்பட்டிக் கடை வயல் வரப்பு வழியாக ஓடிவந்து சேர்ந்துகொண்டது. அதுவும் முத்துநாயகம் தொடங்கியது. சுங்கான்கடையில், பாதியில் நின்ற ஒரு சமையற்கட்டு, தன் வீட்டை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பி வந்தது. அதனுள்ளே ஒரு பெண் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "நிங்களும் மேஸ்திரியத் தேடித்தானா?" என்று கேட்டாள். "ஆமா மைனி" என்றாள் ராகேல். ஞானசெல்விக்கு அழுகை மறந்துபோய்ச் சிரிப்பு வந்துவிட்டது. சாலையின் இருபுறமும் பிள்ளைகள் கூவினார்கள். எந்த வீடு முந்தும் என்று சிலர் பந்தயம்கூடக் கட்டினார்கள்.

வில்லுக்குறியில் ராஜபாய் மாடி சன்னலில் நின்றிருந்தாள். கூரையில்லாத சம்பந்தி வீடு ஊர்வலத்தின் முன்னால் வருவதைக் கண்டு அவளுக்கு மானம் போயிற்று. "ஏட்டி ராகேலு! ஊருக்கெல்லாம் காட்டவா வீட்ட இழுத்துக்கிட்டு வாற?" என்று கத்தினாள். கத்தி வாய் மூடவில்லை. அவளுடைய வீடும் எழுந்தது. ஏணி சரிந்து விழுந்தது. மாடிக்குப் படி இல்லை என்ற சங்கதி அந்த நேரத்தில் வில்லுக்குறி முழுவதும் தெரிந்துவிட்டது. கீழே இறங்க வழியில்லாமல், ராஜபாய் சன்னல் கம்பியைப் பிடித்தபடி தக்கலைவரை வந்தாள். ராகேல் அண்ணாந்து பார்த்தாள். அவளைக் கேலி செய்ய அதைவிட நல்ல தருணம் வாய்க்காது. ராகேலோ, "கம்பிய விட்டிராதிய சம்மந்தி, வளைவு வருது" என்று மட்டும் சொன்னாள்.

முத்துநாயகத்தின் மனை தக்கலைக்கு மேற்கே, ஒரு பலாமரத்தடியில் இருந்தது. வீடுகள் வந்து அதைச் சுற்றி வட்டமாக நின்றன. நடுவில் மேஸ்திரி வெளுத்துப்போன முகத்தோடு நின்றார். அவர் வீட்டிலும் கூரை இல்லை. தன் வீட்டுக்கு ஓடு போடுவதாக மனைவி கிளாராவிடம் சொல்லி, ஓலையைப் பிரித்துவிட்டு, வேறு யாரோ கூப்பிட்டதும் போய்விட்டிருந்தார். ராகேலுக்காக வாங்கிய ஓடு மட்டும் பலாமரத்தடியில் ஒன்றுகூடக் குறையாமல் அடுக்கியிருந்தது. அவர் களவாணி அல்லர். யார் கூப்பிட்டாலும் இல்லையென்று சொல்ல வாய் வராதவர். பார்ப்பதற்கு அது இரக்கம்போலவே இருக்கும். ஆனால் பாதியில் விட்ட இரக்கத்தின் கீழ் யாரும் மழைக்கு ஒதுங்க முடிவதில்லை.

ஜனங்கள் கம்பு எடுத்துவிட்டார்கள். கருப்பட்டிக் கடைக்காரர் மேஸ்திரியின் துண்டைப் பிடித்து, "ஏலே, எங்கல ஓடுவ இனி?" என்றார். மேஸ்திரி ராகேலைப் பார்த்து, "எக்கா, இந்தா இப்பவே ஓட்ட ஏத்துகேன்" என்று ஏணியைத் தூக்கினார். வேளிமலைமேல் மழை கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கூரையற்ற அவர் வீட்டுக்குள்ளிருந்து கிளாராவின் முனகல் கேட்டது. அவள் நிறைமாத கர்ப்பிணி. வலி கண்டுவிட்டது.

ராகேல் ஓட்டைப் பார்த்தாள். ஒரு சிறு வீட்டுக்குத்தான் போதும். மகளைப் பார்த்தாள். ஞானசெல்வியின் முகம் ஒரு கணம் வாடியது, பிறகு அவளே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எம்மா, அந்த வீட்டுக்குப் போடச் சொல்லு. பிள்ளை மழையில பிறக்காண்டாம்" என்று சொல்லி, முதல் ஓட்டை எடுத்துத் தலையில் வைத்தாள். கம்பு பிடித்திருந்தவர்கள் கம்பைப் போட்டார்கள். வரிசையாக நின்று கைமாற்றி ஓடு கொடுத்தார்கள். மணிமேடையிலிருந்து கூடவே வந்துவிட்ட போலீஸ்காரரும், பின்னால் ஊதிக்கொண்டு வந்த பஸ்ஸின் டிரைவரும் அந்த வரிசையில் நின்றார்கள். மேஸ்திரி கைமரத்தின்மேல் ஏறி நின்று, ஓட்டுக்கு மேல் ஓடாக, பறவைகள் கொத்துவதைப்போல வேகமாக அடுக்கினார். அவ்வளவு அழகான கைவேலையை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. அடுப்பிலிருந்த கஞ்சியை ராகேல் கிளாராவுக்கு எடுத்துக்கொண்டு போனாள். கடைசி ஓடு ஏறியதும் முதல் துளி விழுந்தது. சற்று நேரத்தில் குழந்தை அழும் சத்தமும் கேட்டது. பெண் குழந்தை. வெளியே நின்றவர்கள் நனைந்துகொண்டே கைதட்டினார்கள்.

ராகேலின் வீட்டில் இப்போது மழை கொட்டியது. லேஸ் பின்னும் தலையணை, கல்யாணச் சேலை, எல்லாவற்றையும் ஞானசெல்வி பெட்டிக்குள் திணித்து, பெட்டியின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். மாடி சன்னலில் இருந்து ராஜபாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவளை யாரும் கேலியாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே அவள் நெஞ்சைத் தொட்டது. அவள் மாடிச் சுவரை, மாட்டின் முதுகைத் தட்டுவதுபோலத் தட்டினாள். "நீங்கி நில்லு. இன்னும் கொஞ்சம் அங்கன. எம் மருமவ நனையுதாளே, பாத்துக்கிட்டு நிக்கியே!" என்றாள். பெரிய வீடு ஓர் அடி நகர்ந்தது. பிறகு ஓர் அடி. கோழி செட்டையை விரிப்பதுபோல, அதன் அகலமான இறவாரம் நீண்டு வந்து ராகேலின் நான்கு சுவர்களையும் மூடிக்கொண்டது. மழை நின்றுவிட்டதோ என்று ஞானசெல்வி தலையைத் தூக்கினாள். மேலே மாமியார் வீட்டு ஓடு இருந்தது.

மூன்றாவது ஓலை வாசிக்கப்பட்டது. பெண் வீட்டுச் சபையில் தாலி கட்டி, பெண்ணும் மாப்பிள்ளையும் பஸ் ஏறித் தக்கலைக்கு வந்தார்கள். ராகேலின் வீட்டில் பந்தி நடந்தது. உபதேசியார் ஜெபிக்க எழுந்தபோது, "பேரு ஒண்ணும் சொல்லாண்டாம் ஐயா" என்று கருப்பட்டிக் கடைக்காரர் சொல்ல, பந்தி முழுவதும் சிரித்தது. சிரிக்காமல் பரிமாறிக்கொண்டிருந்தவர் முத்துநாயகம் ஒருவர்தான். தொடங்கிய வேலையெல்லாம் கூப்பிடு தூரத்தில் வந்து நின்றுவிட்டதால், இனி அவர் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு ஓட வேண்டியதில்லை. காலையில் கருப்பட்டிக் கடைக்குக் கதவு, மத்தியானம் சமையற்கட்டுக்குப் புகைக்கூடு, மாலையில் ராஜபாய் வீட்டுக்குப் படி என்று வேலை நடந்தது. சொன்ன நாளில் வந்தார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்தார். ராகேல் வீட்டுக்கு ஓடு போட வந்தபோது, மூட வேண்டிய இடமே மிச்சமில்லை. இறவாரம் சுவரோடு ஒட்டி, எந்தக் கூரை யாருடையது என்று பிரிக்க முடியாதபடி ஆகியிருந்தது. ஓர் ஈரக் கசிவு தெரிந்த இடத்தில் சுண்ணாம்பு பூசிவிட்டு, கஞ்சி குடித்துவிட்டுப் போனார்.

வீடுகள் திரும்பிப் போகவில்லை. புன்னவிளையிலும் வில்லுக்குறியிலும் அவை நின்ற பள்ளங்களில் மரச்சீனிக் கிழங்கு நட்டார்கள், நன்றாக விளைந்தது. தக்கலைக்கு மேற்கே அந்த இடம் ஒரு தெருவாயிற்று, பஸ் நின்று போகும் இடமாயிற்று. கிளாராவின் மகளும் ஞானசெல்வியின் பிள்ளைகளும் அங்கேதான் வளர்ந்தார்கள். வெளியூர் உறவினர்கள் வந்து, வீடு நடந்ததைப் பற்றி வியந்து கேட்டால், அந்தப் பிள்ளைகளுக்கு அதில் வியக்க ஒன்றும் தெரியாது. நடந்துதானே வர வேண்டும் என்பார்கள். சொன்ன நாளில் வராத மேஸ்திரிகள் வெளியூர்களில் உண்டு என்று அந்த உறவினர்கள் சொன்னால்தான், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, நம்பாமல் சிரிப்பார்கள்.