இருபத்துநான்கு கைகள்

மழை விட்டதும் முதல் வேலையாகத் தார்ப்பாயை இழுத்துப் பார்த்தேன். ராட்டினத்தின் இருபத்துநான்கு கைகளும் வைத்த இடத்தில்தான் கிடந்தன. முந்தின நாள் மாலை வரை ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் வெள்ளையாக ஓர் எண் இருந்தது. இப்போது ஒன்றில்கூட இல்லை. தார்ப்பாயைக் காற்று பாதி தூக்கியிருக்கிறது, மீதிப் பாதிக்கு அடியில் தண்ணீர் ஓடியிருக்கிறது. சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பொருட்காட்சி போடும் திடலில், ஆனி மாதத்துக் காலை வெயிலில், குளித்து முடித்த பிள்ளைகள் மாதிரி பளபளவென்று கிடந்தன. சாக்பீஸால் எண் எழுதிய மடையன் நான்தான். பெயர் வைத்திலிங்கம். பத்தொன்பது வருடம் அதே ராட்டினத்துக்கு மெக்கானிக்காக இருந்தவன். அந்த அனுபவத்தை வைத்து அன்றைக்கு ஒரு டீகூட வாங்க முடியாது.

கடலூர் சிப்காட்டைத் தாண்டி சிதம்பரம் வருகிற சாலையில் ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு கூட்டம் பழையபடி வரவில்லை. முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகளுக்கு இதில் நாட்டமில்லை, மூடிவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த இடம் எனக்குப் பத்தொன்பது வருடம் சோறு போட்டது, என் மகள் இளவரசியைப் படிக்க வைத்தது. மூடின பூங்கா என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. டிராகன் ரயிலின் தலை இப்போது முதுநகரில் ஒரு பரோட்டா கடை வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. தண்ணீர்ச் சறுக்கின் நீலக் குழாயை நீளவாக்கில் அறுத்து ஒருவர் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாக வைத்திருக்கிறார். அன்னப் படகு இரண்டும் ஓர் இறால் பண்ணையில் தீவனம் தூவப் போய்வருகின்றன. நிலத்தைக் கல் நட்டு மனையாகப் பிரித்தாகிவிட்டது. அலைக்குளம் இருந்த இடம் முப்பத்தோராம் நம்பர், கார்னர் மனை.

கடைசியில் மிஞ்சியது ராட்டினம்தான். முதுநகர்ப் பழைய இரும்பு வியாபாரி அருண்பாண்டியன் மொத்த இரும்போடு அதையும் எடுத்திருந்தார். கேஸ் வைத்து அறுத்து எடைக்குப் போடுவதாக இருந்தது. நான் அவர் கடைக்கு நடையாய் நடந்தேன். முழுசாக வாங்குகிற ஆள் ஒருவரைக் கொண்டு வருகிறேன், ஒரு மாதம் பொறுங்கள் என்றேன். அந்த மனிதர் பொறுத்தார். இரும்பு வியாபாரத்தில் இருக்கிற ஒருவர் ஒரு மெக்கானிக்கின் பேச்சை நம்பி ஒரு மாதம் கட்டரை அணைத்து வைத்திருந்தது பெரிய விஷயம். அந்த ஒரு மாதத்தில்தான் சிதம்பரம் ராஜசபேசன் கிடைத்தார். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவிழாவுக்கும் வருகிற கூட்டத்தை நம்பிப் பொருட்காட்சி போடுகிறவர். பிரித்து, கொண்டு வந்து, தேரோட்டத்துக்கு முன்னால் நிறுத்திக் கொடுத்துவிட்டால் ராட்டினத்தையும் எடுத்துக்கொள்வதாகவும், என்னையும் வேலைக்கு வைத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

பிரித்த அன்று வெள்ளிக்கிழமை. சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்துவிட்டுத்தான் முதல் போல்ட்டைக் கழற்றினோம். கூட வந்த வெல்டர் தேவசகாயம் உளியையும் சுத்தியலையும் நீட்டி, ஒவ்வொரு கையிலும் நம்பரைக் குத்திவிடலாம் என்றான். நான் மாட்டேன் என்றுவிட்டேன். வருடா வருடம் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த இரும்பு. நமக்குச் சோறு போட்டதன் உடம்பில் உளியை வைப்பதா? சாக்பீஸ் போதும் என்று நானே எழுதினேன். நன்றி உணர்ச்சியில் மனிதன் இப்படியும் கோமாளித்தனம் செய்வான் என்று அப்போது தெரியவில்லை.

எண் இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். அந்த ராட்டினம் கம்பெனியில் செய்து வந்தது இல்லை. பூங்காவிலேயே கொட்டகை போட்டு ஒரு பட்டறைக்காரர் செய்தது. நடுவில் இருக்கிற குடத்தில் ஒவ்வொரு கையையும் பொருத்திப் பார்த்து, அந்தந்த இடத்திலேயே ஓட்டை போட்டிருந்தார். ஆகவே ஒரு கை அதனுடைய இடத்தில் மட்டும்தான் உட்காரும். பக்கத்து இடத்தில் வைத்தால் போல்ட் பாதியில் நின்றுவிடும். பார்வைக்கு எல்லாம் ஒரே நீளம், ஒரே பச்சைப் பெயிண்ட்.

ராஜசபேசன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

“என்ன வைத்தி, மூஞ்சி செத்துக் கெடக்குது?”

“நம்பரு போயிடுச்சி சார்.”

“நம்பரு போனா என்னய்யா, கை இருக்குதுல்ல? மாட்டு.”

விஷயத்தைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். அன்று புதன்கிழமை. பகல் முழுக்கச் செயின் பிளாக்கில் ஒவ்வொரு கையாகத் தூக்கி, ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தோம். ஒரு தடவை வைத்துப் பார்க்கவே அரை மணி நேரம் பிடித்தது. பொழுது சாய்கிற வரை மூன்று கைகள்தான் உட்கார்ந்தன, அதுவும் குருட்டு அதிர்ஷ்டத்தில்.

ராஜசபேசன் என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். “தேவசகாயங்கிட்ட கேஸ் கட்டர் இருக்குதுல்ல? ஓட்டைய கொஞ்சம் பெருசு பண்ணிக்கலாமே. ரெண்டு எம்எம். யாருக்குத் தெரியப் போவுது?”

“பெட்டியில உக்கார்றவங்களுக்குத் தெரியும் சார். போல்ட்டு லூசாயிடும், ஆடும். புள்ளைங்க ஏர்ற எடம்.”

அவர் நல்ல மனிதர். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார். “வெள்ளிக்கெழம நாலு மணிக்கு இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றாங்க. அதுக்குள்ள நிக்கலன்னா அருண்பாண்டியனுக்கு போன் போட்டு லாரிய வரச் சொல்லிடறேன் வைத்தி. அறுக்கறத அறுத்துக்கட்டும். எனக்கு வேற வழி இல்ல.”

அவர் போன பிறகு ஒரு கையின் மேலேயே உட்கார்ந்து டீ குடித்தேன். இடது உள்ளங்கையை இரும்பில் ஊன்றியிருந்தேன். என்னவோ குத்தியது. வெல்டிங் துளி ஒன்று, பெயிண்ட்டுக்கு அடியில் புளியங்கொட்டை அளவுக்குத் திரண்டு நின்றது. புளியங்கொட்டை. இந்த வார்த்தையை இந்த ராட்டினத்தின் அடியில் யாரோ என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். “அண்ணே, இதுல புளியங்கொட்டயாட்டம் ஒண்ணு இருக்குது, துணி மாட்டுது.” அதற்கு நான் சொன்ன பதிலும் ஞாபகம் வந்தது. “தொடைக்கிற வேலய மட்டும் பாரும்மா.”

புஷ்பவள்ளி. பதினோரு வருடம் தினமும் காலையில் ராட்டினத்தைத் துடைத்தவர். கடல் காற்றின் உப்பு ஏறினால் இரும்பு தாங்காது என்பதால், பூங்கா திறக்கும் முன் மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொரு கையையும் துடைக்க வேண்டும். சக்கரத்தைத் தானே தள்ளிவிட்டு, இறங்கி வருகிற கையைத் துடைத்து, மறுபடி தள்ளி, அடுத்ததைத் துடைப்பார். போல்ட்டை ஈரமாக்கிவிட்டாய் என்று நான் அவரைத் திட்டாத வாரம் இல்லை. பெரிய மெக்கானிக் அல்லவா நான். என் போனில் அவருடைய எண் ‘கிளீனிங்’ என்று பதிந்திருந்தது. அதைப் பார்த்ததும் வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடுதான் போன் போட்டேன்.

“யாரு, மெக்கானிக்கண்ணனா? அங்க சண்ட போட ஆளு கெடைக்கலியா?” என்றார் எடுத்ததும்.

“ராட்டினத்த அறுக்கப் போறாங்கம்மா” என்றேன். நடந்ததைச் சொல்லி, எந்தக் கை எதற்கு அடுத்தது என்று வந்து சொல்ல முடியுமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார். மறுநாள் முகூர்த்தம். லீவு போட்டால் மண்டபத்தில் சும்மா விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

“எத்தினி மணிக்கு வரணும்?” என்று கேட்டார்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒயர்கூடையில் சோற்று டப்பாவும் பழைய வேட்டித் துணியும் இருந்தன. ராஜசபேசனும் பார்க்க வந்திருந்தார். புஷ்பவள்ளி கைகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “பாத்தா ஒண்ணும் தெரியலியே” என்றார்.

“மண்ணெண்ண இருக்குதா? தொடச்சாதான் தெரியும்.”

மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. தேவசகாயம் டீசலைக் கொண்டு வந்தான். துணியை நனைத்துப் பிழிந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, முந்தின நாள் குடத்தில் உட்கார்ந்த மூன்றில் தாழ நின்ற ஒரு கையின் நுனியில் ஆரம்பித்தார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டார். துணி ஓர் இடத்தில் தயங்கியது. திரும்பி வந்து அதே இடத்தைத் தடவியது.

“இது வளையலு” என்றார். “இங்க ஒரு விளிம்பு தூக்கினு இருக்கும். எங்கம்மா போட்ட வளையல இதுலதான் ஒடச்சிக்கிட்டேன். இதுக்கு முன்னாடி வர்றது புளியங்கொட்ட. அடுத்து வர்றது கனிமொழி.”

“கனிமொழி யாரு?” என்றார் ராஜசபேசன்.

“யாருக்குத் தெரியும் சார். எவனோ ஒருத்தன் ஆணியால கீறி வச்சிட்டுப் போனான். பெயிண்ட் அடிச்சிட்டாங்க, ஆனா வெரலுக்குத் தெரியும்.”

தரையில் இருந்தவற்றில் கனிமொழி பதினாறாவதாகக் கிடந்தாள். கண்டுபிடித்துத் தூக்கினோம். வளையல் உட்கார்ந்த இடத்துக்கு அடுத்த இடத்தில் வைத்து, நான் போல்ட்டை எடுத்து ஓட்டையில் வைத்தேன். சுத்தியல் தேவைப்படவில்லை. கட்டைவிரலால் தள்ளினேன், வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீசல் நெடி என்று சொல்லிக்கொண்டேன், யாரும் கேட்காமலே.

புஷ்பவள்ளிக்கு எண் தேவைப்படவில்லை. பதினோரு வருடம் தினமும் ஒன்றன்பின் ஒன்றாக அவரிடம் வந்தவை. இதற்கு அடுத்தது அது, அதற்கு அடுத்தது இன்னொன்று என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. அணில் கூடு கட்டினது, பெயிண்ட் மேஸ்திரி பிரஷ்ஷின் மயிர் ஒட்டிக்கொண்டது, மழையில் தண்ணீர் சொட்டுகிறது, என்னிடம் அதிகமாகத் திட்டு வாங்கிக் கொடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர். நாங்கள் அவர் கட்டளைப்படி தூக்கினோம். ராஜசபேசன்கூடச் சட்டையைக் கழற்றிவிட்டுச் செயினை இழுத்தார். சாயங்காலம் புஷ்பவள்ளியை பஸ் ஏற்றிவிட்டோம். வெள்ளிக்கிழமை மறுபடி முதல் பஸ்ஸில் வந்தார்.

கடைசி இரண்டு கைகளில் மட்டும் தகராறு. “இது ரெண்டும் மொட்டண்ணே. ஒண்ணுமே கெடையாது. ரெண்டுத்தையும் ஒரே மாதிரிதான் தொடைப்பேன்” என்றார், ஏதோ தப்புச் செய்தவர் போல. ஒன்றை வைத்துப் பார்த்தோம், போல்ட் பாதியில் நின்றது. மாற்றி வைத்தோம். உட்கார்ந்தது. அப்போது மணி இரண்டு.

பெட்டிகளை மாட்டி முடிக்க மூன்றரை ஆகிவிட்டது. புஷ்பவள்ளி குழாயடியில் கை கழுவி, ஒயர்கூடையை எடுத்துக்கொண்டார். மண்டபத்தில் சாயங்காலம் ரிசப்ஷனாம், அதற்காவது போகாவிட்டால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களாம். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. நன்றி என்கிற வார்த்தையை எங்கள் பக்கத்து ஆம்பளைகள் மேடையில் மைக் பிடித்தால்தான் சொல்வோம். நேரில் நாக்கு எழாது.

“சாப்புட்டுப் போம்மா” என்றேன்.

“சாப்ட்டனே, உங்க கூடத்தான உக்காந்து சாப்ட்டேன்?” என்று சிரித்தார். “ஓட்டுங்கண்ணே. நல்லா ஓட்டுங்க.”

ராட்டினம் பூட்டியவன்தான் முதல் சுற்று ஏற வேண்டும். அது இந்தத் தொழிலின் வழக்கம். மற்ற பெட்டிகளில் மணல் மூட்டைகளை வைத்துவிட்டு, கனிமொழிக்குக் கீழே தொங்கிய பெட்டியில் நான் உட்கார்ந்தேன். தேவசகாயம் மோட்டாரைப் போட்டான். கண்ணை மூடிக்கொண்டேன். பத்தொன்பது வருடம் கேட்ட சத்தம்தான், ஆனாலும் ஒவ்வோர் இணைப்பாகக் காது கொடுத்துக் கேட்டேன். கடகடப்பு இல்லை. உச்சியில் தேவசகாயம் ஒரு நிமிடம் நிறுத்தினான். பெட்டி அசையாமல் நின்றது. கண்ணைத் திறந்தேன். கோபுரங்கள் எதிரே தெரிந்தன. தேருக்குக் கட்டிய தோரணங்கள் வீதியில் தெரிந்தன. கீழே பேருந்து நிலையத்தை நோக்கி ஒயர்கூடையோடு ஒரு பச்சைப் புடவை வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

எழுந்து நின்றேன். அப்படி நிற்கக் கூடாது, நானே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன்.

“புஷ்பவள்ளி!” என்று கத்தினேன். “ஆடலம்மா! கொஞ்சங்கூட ஆடல!”

அவர் நின்றுவிட்டார். யார் கூப்பிட்டது என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். டீக்கடைப் பக்கம் பார்த்தார். மேலே மட்டும் பார்க்கவில்லை. கடலூர் பஸ் ஹாரன் அடித்தது. அவர் அதைக் கவனிக்காமல், நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, தெருவில் போகிற ஒவ்வொரு முகமாக என்னைத் தேடிக்கொண்டிருந்தார்.